அழைப்பின் திசை

சீனக்குடாவிலுள்ள மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலும், சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் ஏற்றிவரும் கப்பலும் திருகோணமலைத் துறைமுகத்தை நெருங்கும்போது, தாம் யார் என்பதைத் தாமே வானொலி அலையில் சொல்லிக்கொண்டு வருகின்றன. அடையாள இலக்கம், நிற்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாம் சில விநாடிகளுக்கு ஒருமுறையும், பெயர் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் ஒலிபரப்பாகும். நாடுகளுக்கிடையே ஓடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இந்தத் தன்னியக்க அடையாளமுறை 2004 இறுதியோடு கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடு, இரவிலும் மழையிருட்டிலும் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் காக்கிறது. ஆனால் அதற்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. செய்தியை எழுதுவது கப்பல்தான். அதை வேறெவரும் சரிபார்த்து முத்திரை குத்துவதில்லை. தடைவிதிக்கப்பட்ட எண்ணெயைக் கடத்தும் கப்பல்கள் பொய்ப் பெயரையும் பொய் இடத்தையும் ஒலிபரப்புவது உலகக் கடல்களில் வழக்கமாகிவிட்டது. ஆகவே துறைமுகங்கள் கப்பல் சொல்வதைக் கேட்டுக்கொள்கின்றன, உறுதிப்படுத்துவதற்கு வேறு வழியை வைத்திருக்கின்றன. கரையிலிருந்து போகும் ராடார் அலை ஒன்று. கரையிலிருந்து படகில் சென்று கப்பலில் ஏறும் துறைமுக வழிகாட்டி மற்றொன்று. இரண்டும் கரையில் தொடங்கிக் கப்பலை நோக்கிப் போகின்றன. தொலைபேசி மோசடியிலிருந்து தப்பும் வழியும் இதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்: வந்த அழைப்பை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, நாமாக எடுத்த அழைப்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

திரையில் தெரியும் இலக்கம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞை முறை 1970களில் வடிவமைக்கப்பட்டது. அப்போது தொலைபேசி என்பது பெரும்பாலான நாடுகளில் அரசோ ஒரு பெரிய நிறுவனமோ நடத்திய தொழில். ஒரு நிலையம் சொல்வதை மற்ற நிலையம் நம்பலாம் என்பது அடிப்படை எடுகோள். சரிபார்ப்பதற்கான ஏற்பாடு தேவையென்று எவரும் நினைக்கவில்லை. அழைப்பவரின் இலக்கம், அழைப்போடு சேர்த்து அனுப்பப்படும் செய்தியில் ஒரு கட்டம், அவ்வளவுதான். கடிதவுறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் பெயரை எழுதுவது போல. இணையவழி அழைப்புகள் வந்தபின் அந்தக் கட்டத்தில் விரும்பியதை நிரப்பும் வசதி உலகெங்கும் மலிவாகிவிட்டது. குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயரும் இப்படியே. வங்கியின் பெயரில் வரும் பொய்ச் செய்தி, அதே வங்கி முன்பு அனுப்பிய மெய்ச் செய்திகளுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கைபேசி பெயரைப் பார்த்துத்தான் செய்திகளை அடுக்குகிறது. இதைத் திருத்த அமெரிக்கா 2021 முதல் பெரிய நிறுவனங்களின் இணையவழி வலையமைப்புகளில் ஒவ்வோர் அழைப்புக்கும் மின்கையொப்பம் இடுவதைக் கட்டாயமாக்கியது. பழைய பாணி வலையமைப்பைக் கடக்கும்போது அந்தக் கையொப்பம் உதிர்ந்துவிடும். உதிராவிட்டாலும் அது சொல்வது இலக்கம் மெய்யா என்பதை மட்டுமே. மெய்யான இலக்கத்தை வைத்திருப்பவன் மெய் பேசுவான் என்பதற்கு எந்தக் கையொப்பமும் இல்லை.

இலக்கம் சான்றல்ல என்றால், அழைப்பவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது சான்றாகாதா? “உங்கள் பிறந்த திகதி இதுதானே, அடையாள அட்டை இலக்கம் இதுதானே” என்று ஒருவர் வாசிக்கும்போது, உள்ளே இருப்பவர்தான் பேசுகிறார் என்று தோன்றுவது இயல்பு. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையிலும் வருடம் நான்கு இலக்கமானதே தவிர, முறை மாறவில்லை. ஆகவே அட்டை இலக்கம் கிடைத்த எவருக்கும் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. அந்த இலக்கமோ சிம் வாங்கிய கடையில், விடுதிப் பதிவேட்டில், வேலை விண்ணப்பத்தில், உதவிப் பட்டியலில், போட்டோப் பிரதிக் கடையின் குப்பைக் கூடையில் எல்லாம் கிடக்கிறது. பத்து இடத்தில் எழுதிக்கொடுத்த ஒன்றை, பதினோராவது ஆள் வாசித்துக் காட்டுவதில் வியப்படைய எதுவுமில்லை.

அப்படியானால் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம், பொய் சொல்பவனின் பேச்சில் ஒரு தடுமாற்றம் இருக்கும் என்பார்கள் பலர். இந்த நம்பிக்கையை உளவியலாளர்கள் நீண்டகாலமாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டீபவுலோ இருவரும் 24,000க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தறியும் வீதம் 54 என்று வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். மீதி நான்கு வீதத்தை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் பணயம் வைக்க முடியாது. தெரிந்தவரின் குரல் என்ற கடைசி அரணும் இப்போது இடிந்துவிட்டது. மூன்று விநாடி ஒலிப்பதிவிலிருந்து ஒருவரின் குரலைப் போலப் பேசவைக்கும் மென்பொருளை மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் விவரித்தார்கள். 2024 இல் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் ஊழியர் ஒருவர், தம் மேலதிகாரிகளின் முகமும் குரலும் தோன்றிய காணொளிக் கூட்டத்தை நம்பி ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த முகங்கள் போலி. மகன் கட்டாரிலிருந்து அழுதுகொண்டு பேசுகிறான் என்று கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு தாய் நினைப்பது இனி அவளுடைய செவியின் குறையாகாது.

இங்கேதான் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். மோசடிக்காரனின் முதல் ஆயுதம் பொய் என்று நினைக்கிறோம். சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. 1966 இல் சார்ள்ஸ் ஹொஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். தாதிக்குத் தொலைபேசியில் ஒருவர் பேசுவார். தம்மை டொக்டர் என்பார். தாதி அவரைக் கண்டதில்லை. ஒரு நோயாளிக்குக் குறித்த மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். மருந்துப் பெட்டியிலோ ஒரு நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். தொலைபேசியில் கட்டளை வாங்கக்கூடாது என்பது மருத்துவமனையின் விதி. அப்படியிருந்தும் 22 தாதியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலை நோக்கி நடந்தார்கள். ஒளிந்திருந்த ஆய்வாளர் தடுத்து நிறுத்தினார். உள்ளே இருந்தது தீங்கற்ற குளுக்கோஸ். இதே நிலைமையை வேறு 12 தாதியரிடம் விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது 10 பேர் கொடுக்கமாட்டோம் என்றார்கள். “நான் ஒருபோதும் ஏமாறமாட்டேன்” என்ற உறுதிமொழிக்கு எவ்வளவு பெறுமதி என்பதை இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன.

பதினொரு வருடம் கழித்து, 1977 இல், ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை மருந்து தாதியருக்குப் பழக்கமானது, டொக்டரின் பெயரும் தெரிந்த பெயர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்திலிருந்த சக தாதியரோடு பேசிக்கொள்ள வாய்ப்பிருந்தது. 18 பேரில் இரண்டு பேர் மட்டுமே கொடுக்கப் போனார்கள். முதற்சோதனைத் தாதியர் அறிவில் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வேறுபாட்டில் ஒரு பங்கு மருந்தைப் பற்றிய அறிவுக்குரியது. பெரிய பங்கு, ஒரு நிமிடம் நின்று இன்னொருவரைக் கேட்க முடிந்ததற்குரியது என்றே நான் வாசிக்கிறேன். மோசடி அழைப்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். “போனை வைக்காதீர்கள்”, “வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், விசாரணை கெட்டுவிடும்”, “பத்து நிமிடத்தில் கணக்கு முடக்கப்படும்”. இவற்றில் எதுவும் பொய்யை நம்பும்படி செய்வதற்கான வாக்கியமல்ல. எல்லாமே உங்களைத் தனிமைப்படுத்தி வைப்பதற்கானவை. பயத்தில் மூளை திட்டமிடும் ஆற்றலை இழக்கிறது என்பதை நரம்பியலாளர் ஏமி ஆன்ஸ்டனின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. கடும் அழுத்தத்தில் முன்நெற்றிப் புறணி தளர்கிறது, பழக்கமும் பயமும் ஆட்சியை எடுத்துக்கொள்கின்றன. இணைப்பு அறுபட்டால் அந்த ஆற்றல் மெல்லத் திரும்பிவரும். மோசடிக்காரனுக்கு அது தெரியும். அவன் காப்பதெல்லாம் அந்த இணைப்பை.

தனிமையும் பயமும் திருகோணமலைக்கு வேறொரு கனத்தோடு வருகின்றன. வேடமிட்டு உள்ளே நுழைவது இந்த ஊர் அறிந்த கதை: 1622 இல் சித்திரை வருடப்பிறப்பன்று, சுவாமி ஊர்வலம் போயிருந்த வேளையில், போர்த்துக்கேயர் பூசகர் வேடமிட்டுக் கோணேசர் கோயிலுக்குள் புகுந்து கொள்ளையிட்டார்கள் என்று ஊர் வரலாறு சொல்லிவருகிறது. அண்மைக் காலத்து வடு அதைவிட ஆழமானது. அதிகாரக் குரலில் வந்த அழைப்பை மறுத்துப் பேசினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் மூன்று தசாப்தம் வாழ்ந்த சனம் இங்கிருக்கிறது. வடக்குக் கிழக்கில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களிடம், உங்கள் பிள்ளை இன்ன முகாமில் இருக்கிறான் என்று சொல்லிப் பணம் பறித்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. நம்பிக்கையையே தூண்டிலாக்கிய அந்தக் கொடுமைக்கு முன்னால், ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்வதற்கு எவருக்கும் வாய் வரக்கூடாது. “குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம்” என்று சிங்களத்தில் ஒரு குரல் ஒலிக்கும்போது, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் “சரி, சரி” என்று சொல்லும் முதியவர் பழைய பாடத்தைத்தான் ஒப்புவிக்கிறார். அவருக்கு இன்னொரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். 1987 இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. “தமிழில் எழுத்தில் அனுப்புங்கள், நான் பொலிஸ் நிலையத்துக்கே வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பது குற்றமோ மரியாதைக் குறைவோ அல்ல. உண்மையான விசாரணை அதனால் கெடாது.

வயதானவர்களும் படிக்காதவர்களும்தான் சிக்குகிறார்கள் என்ற மறுப்பு இங்கே எழலாம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வெளியிடும் முறைப்பாட்டுத் தரவுகளில், பணம் இழந்ததாகச் சொல்வோரின் வீதம் எழுபது வயதினரைவிட இருபதுகளில் இருப்போரிடம் கூடுதல். முதியோர் இழக்கும் தொகை பெரியது என்பது மட்டுமே வேறுபாடு. கற்றவருக்கும் இளையவருக்கும் வேறு தூண்டில் இருக்கிறது.

கனமான மறுப்பு இன்னொன்று. எல்லா அழைப்பையும் துண்டித்தால், மெய்யாகவே வங்கி எச்சரிக்க அழைத்தபோது என்ன ஆகும்? மகனுக்கு மெய்யாகவே விபத்து என்றால்? இரண்டு பக்கத்து இழப்பையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மெய்யான வங்கியின் அழைப்பை வைத்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்திலுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்தால் இழப்பது ஐந்து நிமிடம். மகனின் வழக்கமான இலக்கத்துக்கோ அவன் அறைத் தோழனுக்கோ எடுத்தால் இழப்பது அதுவும் இல்லை. மறுபக்கத்தில், லங்காபே வலையமைப்பின் உடனடிப் பணமாற்று முறை 2015 இல் வந்தபின், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போக நொடிகள் போதும். அங்கிருந்து மூன்றாவது, நான்காவது கணக்குக்கும் அப்படியே. ஓ.ரி.பி. என்கிற ஒருமுறைக் கடவு இலக்கத்தின் வேலையும் இந்த இடத்தில் விளங்க வேண்டும். மோசடிக்காரன் உங்கள் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்து ஒரு செயலியில் பாதிவழி வந்துவிட்டான். மீதிப் பாதிக்கு, கைபேசியை வைத்திருப்பவர் சம்மதிக்கிறாரா என்று வங்கி கேட்கிறது. அந்தக் கேள்விதான் ஓ.ரி.பி. அதை வாயால் சொல்வது வெற்றுத் தாளில் கையொப்பம் வைப்பதற்குச் சமம். வங்கிக்கு அதைக் கேட்டறியத் தேவையே இல்லை, அனுப்பியதே வங்கிதான். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்கத்தை நண்பர் கேட்பதுபோல் கேட்டாலும் இதே கணக்குத்தான். அதற்கு முன்பே நண்பரின் கணக்கு பறிபோயிருக்கும்.

திரும்ப எடுப்பதிலேயே ஆபத்து இருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. ஜப்பானில் தொடங்கி உலகெங்கும் பரவிய ஒரு தந்திரம் இருக்கிறது: ஒரே ஒரு முறை மணியடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். தவறிய அழைப்பைப் பார்த்து நாம் திருப்பி எடுத்தால், நிமிடத்துக்குப் பெருங்கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு இலக்கத்துக்கு இணைப்புப் போகும். இங்கிலாந்தில் பழைய தரைவழித் தொலைபேசியில், நாம் ரிசீவரை வைத்தாலும் மறுமுனை வைக்காமலிருந்தால் இணைப்பு உடனே அறுபடாமல் இருந்த காலம் உண்டு. வங்கிக்கு எடுப்பதாக நினைத்து அதே கள்வனோடு பேசியவர்கள் உண்டு. இந்தியாவில் நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்லி, வரும் அழைப்புகளையெல்லாம் தமக்குத் திருப்பிக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை அந்தக் குறியீட்டு வசதியையே நிறுத்திவைத்தது. மூன்றிலும் பிழை ஒன்றுதான். திரும்பப் போகும் பாதையையும் அழைத்தவனே போட்டுத் தந்திருக்கிறான். எடுக்க வேண்டிய இலக்கம் அவனுடைய வாயிலிருந்தோ அவன் அனுப்பிய செய்தியிலிருந்தோ வரக்கூடாது. வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டது, அட்டையில் பொறித்தது, நேற்று வரை நீங்கள் பேசிவந்தது மட்டுமே உங்களுடைய ராடார்.

இவ்வளவு பாரத்தையும் தனிமனிதர் தலையில் ஏற்றுவது நியாயமா? இல்லை என்பதே என் விடை. 2024 ஒக்டோபர் 7 முதல் பிரித்தானியாவில், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண் வரை வங்கிகளே ஈடுசெய்ய வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்கும். அதே வருட டிசம்பரில் சிங்கப்பூர், வங்கிகளோடு தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் பொறுப்பில் சேர்த்தது. இழப்பு தமதாகும்போது நிறுவனங்கள் கதவைப் பூட்டக் கற்றுக்கொள்கின்றன. இலங்கையில் 2006 இன் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும் 2007 இன் கணினிக் குற்றச் சட்டமும் குற்றவாளியைத் தண்டிக்கின்றன. தண்டனை பணத்தைத் திருப்பித் தராது. பொறுப்பைப் பகிரும் சட்டம் இங்கும் வேண்டும்.

பிடிபடுபவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2024 ஜூனில் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்ல பகுதிகளில் 60 இந்தியர்களும், ஒக்டோபரில் 230க்கும் மேற்பட்ட சீனர்களும் இணையவழி நிதி மோசடி தொடர்பில் இலங்கையில் கைதானார்கள். மறுபுறம், மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் பலவந்தமாக மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. நல்ல வேலை என்று நம்பிப்போய் மியன்மாரின் மியாவடியில் அடைபட்ட இலங்கை இளைஞர்களும் மீட்கப்பட்டவர்களில் இருக்கிறார்கள். உங்களோடு பேசுபவனுக்குப் பின்னால் தடியோடு ஒருவன் நிற்கக்கூடும். ஆகவே அவனோடு வாதாடுவதிலும் ஏசுவதிலும் பயனில்லை. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில், வேலை தருவதாக வரும் அழைப்பையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும்: முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் நீங்களே விசாரியுங்கள்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது பொலிஸுக்கு. கணக்கும் செயலியும் பறிபோனதைச் சொல்ல இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகரும் மணித்தியாலம். வீட்டார் ஏசுவார்கள் என்ற பயமே அதிகம் பேரை வாய்மூட வைக்கிறது, ஏசாதீர்கள். இழந்ததை மீட்டுத் தருவதாகச் சில நாளில் இன்னொரு குரல் வரும். அதுவும் மோசடிதான்.

இன்று மாலை ஒரு தாளை எடுங்கள். வங்கி அட்டையின் பின்பக்க இலக்கம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் இலக்கம், அவன் நண்பர் ஒருவரின் இலக்கம், பொலிஸின் 119, கணினி அவசரக் குழுவின் 101. பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் மூத்தவர் போனை சார்ஜ் போடும் இடத்துக்கு நேரே சுவரில் ஒட்டுங்கள். “யார் பேசினாலும் வைத்துவிட்டு இதற்கு எடுங்கோ, நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்” என்று அவரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.